மலையாளி, கடனாளி, குடிநோயாளி

கொல்லிமலைக்குப் போய்வந்தவர்களிடம் மலையின் பெயருக்குப் பொருள் கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். காய்ச்சலால் மனிதரைக் கொன்ற காடு என்பார் ஒருவர். சிரித்து மயக்கி உயிரை எடுக்கும் பாவை நின்ற மலை என்பார் இன்னொருவர். நற்றிணையிலும் குறுந்தொகையிலும் வரும் கொல்லிப்பாவை காதலியின் அழகுக்கு உவமையாக நிற்பவள்; காற்றடித்தாலும் இடி இடித்தாலும் நிலம் நடுங்கினாலும் வடிவு கெடாதவள். ஆனால் சிரித்துக் கொல்லும் கதைதான் பின்னாளில் ஓங்கி நின்றது. 'கொல்' என்று தொடங்கும் பெயருக்கு அந்தக் கதை வாகாகப் பொருந்தியதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு பெயரை வைத்துவிட்டால், அதற்கேற்ற கதையை ஊர் தானே கட்டிக்கொள்ளும்.

மலையின் பெயரை இவ்வளவு துருவுகிறவர்கள், மலைமேல் வாழ்பவர்களின் பெயரைத் துருவுவதில்லை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டில் இறங்கினால் சந்திப்பது மலையாளிகளை. பெயரைக் கேட்டவுடன் கேரளம் நினைவுக்கு வருவதால், கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது இவர்கள் சொல்லும் குடிவரலாறு. சேர்வராயன், பச்சைமலை, கல்வராயன் மலைகளிலும் இவர்களின் உறவுமுறை பரந்திருக்கிறது. வளவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று மலையையே நாடு நாடாகப் பிரித்து ஆண்டவர்கள். மலையாளி என்பது மலை, ஆளி என்னும் இரு சொற்களின் சேர்க்கை. மலையை ஆள்பவர், மலையை இடமாக உடையவர் என்று பொருள். சிலர் தம்மைக் காராளர் என்றும் சொல்லிக்கொள்வதுண்டு. அதிலும் அதே ஆட்சிதான்: காரை, அதாவது மழைமேகத்தை, ஆள்பவர்.

இந்த 'ஆளி'யைப் பின்தொடர்ந்து போவதே இந்தக் கட்டுரை. சங்கப் பாடல்களில் யானையைக் கொல்லும் ஆளி என்றொரு விலங்கு உண்டு. கடைகளில் விற்கும் ஆளி விதையும் உண்டு. அவை இரண்டும் வேறு. நாம் தேடுவது 'ஆள்' என்னும் வினையிலிருந்து பிறந்த விகுதியை.

முதலாளி என்றால் முதலை ஆள்பவன். தொழிலாளி, அறிவாளி, உழைப்பாளி, படைப்பாளி என எல்லாவற்றிலும் ஒருவன் கையில் ஒன்று இருக்கிறது. அதை அவன் ஆள்கிறான். இதே வரிசையில் கடனாளியும் நோயாளியும் வந்து நிற்கிறார்கள். கடனாளி கடனை ஆள்கிறானா, கடன் அவனை ஆள்கிறதா? நோயாளியின் நிலையும் அதுவே. மருத்துவமனை வாசலில் பிறந்த 'சீக்காளி'யைப் பாருங்கள். ஆங்கிலேயரின் 'சிக்' தமிழில் சீக்காகி, வந்த வேகத்தில் ஆளியையும் சேர்த்துக்கொண்டது. பேசுகிறவர்களின் நாக்கு விகுதியைச் சரியாகவே பிடித்திருக்கிறது. ஆளுதல் என்ற சொல்லுக்கு அரசாளுதல் மட்டும் பொருளில்லை. உடைமையாகக் கொண்டிருத்தல், பொறுப்பில் வைத்திருத்தல், எடுத்துப் பயன்படுத்தல் என்பவையும் அதற்குள் அடங்கும். கையாளுதல், எடுத்தாளுதல், பொறுப்பாளி எல்லாம் அந்த வழியில் வந்தவை. கடனாளி கடனுக்கு அரசன் ஆகமாட்டான். ஆனால் அந்தக் கடன் அவன் பெயரில் இருக்கிறது. வேறு யாரும் வந்து அதை ஏற்க மாட்டார்கள்.

வினையாக இருக்கும்போது ஆளுகிற 'ஆள்', பெயராக மாறியவுடன் ஆளப்படுவதும் உண்டு. வேலையாள், கூலியாள், பண்ணையாள் என்னும் பெயர்களுக்கு எதிரே நின்றவர் ஆண்டை. சோழர் காலக் கல்வெட்டுகளில் தம்மையும் தம் வழியினரையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களின் செய்தி இருக்கிறது; அப்படி எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்கு ஆளோலை என்று பெயர். ஆட்சி, ஆட்படுதல் என்ற இரண்டு எதிர்க்கரைகளையும் ஒரே வேரில் வைத்திருக்கிறது தமிழ். கடவுளை ஆண்டவன் என்றும் ஆளுடையார் என்றும் சொல்லும் வழக்கும் இந்த வேரில் முளைத்ததே.

ஆளோலையைப் பற்றித் தமிழில் உள்ள மிகப் பெரிய கதை சேக்கிழாருடையது. பெரியபுராணத்தில் அந்தப் பகுதிக்குத் தடுத்தாட்கொண்ட புராணம் என்று பெயர். புத்தூரில் சுந்தரருக்குத் திருமணம் நடக்கும் நேரத்தில் முதியவர் ஒருவர் வந்து, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் சிரிக்கிறார், பித்தனோ என்று ஏசுகிறார், கடைசியில் துரத்திப் பிடித்து ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே விடுகிறார். கிழித்தது படியோலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வருகிறது; பாட்டனின் கையெழுத்தோடு ஒத்துப்பார்த்து அவையோர் தீர்ப்புச் சொன்னதும் சுந்தரர் இசைகிறார். அதன் பிறகுதான் அவர் பாடகர் ஆகிறார். ஏசிய சொல்லே அவருடைய முதற்பாட்டின் முதற்சொல்லாக அமைகிறது. மறுப்பது, சிரிப்பது, ஏசுவது, சான்றைக் கிழிப்பது, பிறகு நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வது: இந்த வரிசையைக் குடியால் சீரழிந்த குடும்பங்கள் ஒவ்வொன்றும் அறியும்.

குடிக்கு வருவோம். மலைநிலத்துக்குக் குடி புதிதன்று. மூங்கில் குழாயில் நெடுநாள் விளைந்த தேன்கலந்த தேறலைக் குறவர்கள் சுற்றத்தோடு அருந்துவதைத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது. அதில் இழிவு எதுவும் இல்லை. அதியமான் இறந்தபின் அவன் கள்ளைப் பகிர்ந்த விதத்தை நினைத்து ஔவை புலம்பும் பாட்டுக்குப் புறநானூற்றில் வகுத்த துறை கையறுநிலை. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கை ஓய்ந்து நிற்கும் நிலை. வள்ளுவர் காலத்துக்கு வரும்போது தொனி மாறுகிறது. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் ஒரு குறள், நான் குடித்தறியேன் என்று சொல்வதை விட்டுவிடு, நெஞ்சில் ஒளித்தது குடித்த அப்போதே வெளியில் வந்துவிடும் என்கிறது. அடுத்த குறள், குடித்தவனுக்குக் காரணம் காட்டித் திருத்த முயல்வதை, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதோடு ஒப்பிடுகிறது. மறுப்பும் அறிவுரையின் தோல்வியும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.

குடிப்பவனுக்கு ஊர் வைத்த பெயர்கள் வேறு வகை. குடிகாரன், குடிகேடன், மொடாக்குடியன். 'காரன்' என்னும் விகுதியைக் கவனிக்க வேண்டும். வண்டிக்காரன், கடைக்காரன், பால்காரன் என்று, ஒன்றைத் தொழிலாகவும் வழக்கமாகவும் செய்கிறவனுக்கே அது ஒட்டும். குடிகாரன் என்னும்போது, குடிப்பதை அவன் விரும்பித் தொழிலாக எடுத்துக்கொண்டான் என்ற தீர்ப்பு பெயரிலேயே ஏறிவிடுகிறது. வண்டிக்காரன் வண்டியை விட்டு இறங்கிவிடலாமே, இவன் ஏன் இறங்கவில்லை என்ற கோபமும் அங்கிருந்துதான் வருகிறது. கொல்லிக்குக் கதை கட்டியதுபோலவே, இந்தப் பெயருக்கும் ஊர் ஒரு கதை கட்டியது: கொழுப்பெடுத்தவன், மனசாட்சி இல்லாதவன், நினைத்தால் விடமுடிந்தும் விடாதவன்.

இந்தக் கதையைக் குடிப்பவனே முதலில் நம்புகிறான் என்பதுதான் வேதனை. 'நினைச்சா நாளைக்கே நிறுத்திருவேன்' என்ற வாக்கியத்தில் ஓர் அரசனின் தோரணை இருக்கிறது. நான் ஆள்கிறேன், குடி என் ஆள் என்பதே அதன் உட்பொருள். பொங்கலுக்குப் பிறகு, சபரிமலைக்கு மாலை போட்டபின், மகள் கல்யாணம் முடிந்தபின் என்று அரசாணைகள் பிறந்துகொண்டே இருக்கும். நாற்பது நாள் மாலையோடு குடிக்காமல் இருந்ததே பிறகு சாட்சியாகவும் எடுத்து வைக்கப்படும்: 'பார்த்தீங்களா, என்னால முடியும்.'

இந்த மண்ணில் அரசும் தன் பங்குக்கு ஒரு சொல்லைக் கையில் எடுத்தது: மதுவிலக்கு. கொல்லிமலை அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். சென்னை மாகாணத்தில் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது இதே சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1ஆம் நாள். அதற்கு முன்பே திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையை அவர் நடத்தினார். கல்கி அதில் உடன் உழைத்தார். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. பிறகு 1971இல் விலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி தளர்ந்தது; 1983இல் டாஸ்மாக் பிறந்து, 2003இல் சில்லறைக் கடைகளையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள் மதுக்கடை ஒன்றை அகற்றக் கோரி 2015 ஜூலை 31இல் குமரி மாவட்டத்தில் கைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரிழந்தார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. விலக்கு என்ற சொல் மதுவை மனிதனிடமிருந்து தள்ளிவைக்கப் பார்க்கிறது. அது தேவையான வேலைதான். ஆனால் ஏற்கெனவே ஆட்பட்டுவிட்டவன் கடை மூடினால் அடுத்த ஊருக்கு நடப்பான், அதுவும் இல்லையென்றால் எதையும் குடிப்பான். அவனுக்கு வேறொரு சொல் வேண்டியிருந்தது.

அந்தச் சொல்லின் வேர் கடல் கடந்து இருக்கிறது. அமெரிக்கா 1920இல் கொண்டுவந்த மதுவிலக்கை 1933 டிசம்பரில் கைவிட்டது. அடுத்த இரண்டாண்டுக்குள், 1935இல், ஓகையோவின் ஆக்ரன் நகரத்தில் இரண்டு குடிகாரர்கள் சந்தித்தார்கள். பங்குச்சந்தையில் வேலை பார்த்த பில் வில்சன் ஒருவர். அறுவை மருத்துவர் பாப் ஸ்மித் இன்னொருவர். வில்சன் அதற்கு முன் பல மாதங்கள் குடிகாரர்களுக்கு ஆன்மிகம் போதித்துப் பார்த்தார், ஒருவரும் திருந்தவில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் சில்க்வொர்த் ஒரு யோசனை சொன்னார்: போதனையைப் பின்னால் வை; இது உன் விருப்பத்துக்குக் கட்டுப்படாத நோய் என்பதை முதலில் சொல். ஸ்மித்திடம் வில்சன் தன் தோல்வியைத்தான் சொன்னார். ஸ்மித் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10. அந்த நாளே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பிறந்தநாள் ஆயிற்று. 1939இல் அச்சான அவர்களின் நூல் பன்னிரண்டு படிகளை வகுத்தது. மதுவின் முன் எங்களுக்குச் சக்தி இல்லை, எங்கள் வாழ்க்கையை எங்களால் நடத்த முடியாமல் போய்விட்டது என்று ஒப்புக்கொள்வது முதற்படி.

இரண்டு உறுப்புகள் கொண்ட அந்த ஒப்புதலைத் தமிழ் ஒரே வினையில் சொல்லிவிடும்: என்னால் ஆள முடியவில்லை. மதுவை ஆள முடியவில்லை என்பதும் வாழ்க்கையை ஆள முடியவில்லை என்பதும் அதில் சேர்ந்தே வருகின்றன.

குடியை நோய் என்று பார்க்கும் பார்வை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸுக்கும் முந்தியது. 'ஆல்கஹாலிசம்' என்ற சொல்லை ஸ்வீடன் மருத்துவர் மேக்னஸ் ஹூஸ் 1849இலேயே ஆக்கிவிட்டார். குடியை நோயாக அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956இல் ஏற்றது. தமிழ்நாட்டில் 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்கள் வழியாகவே 'குடி ஒரு நோய்' என்ற பேச்சு வீடுகளுக்குள் வந்தது. குடிகாரன் என்ற பெயருக்குப் பக்கத்தில் குடிநோயாளி என்ற பெயரும் வந்து அமர்ந்தது. காரன் போய் ஆளி வந்தான்.

விகுதி மாறியதால் என்ன மாறியது? குடிகாரன் என்பது பிறர் வைக்கும் பெயர். குடிநோயாளி என்பதை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் ஒவ்வொருவரும் எழுந்து தம்மைப் பற்றித் தாமே சொல்கிறார்கள். நோய் என்ற சொல் பழியை இறக்குகிறது. ஆளி என்ற விகுதி பொறுப்பை ஏற்றுகிறது. என் குடியை என்னால் ஆள முடியாது, ஆனால் இந்த நோய் என் பெயரில் இருக்கிறது. கடனாளியின் இலக்கணம் அப்படியே இங்கே பொருந்துகிறது. கடன் இல்லை என்று சாதிப்பவன் ஒரு பைசாவும் அடைக்கப்போவதில்லை. கடனாளி என்று ஒப்புக்கொண்டவனுக்கே தவணை பிறக்கும். ஆங்கிலத்தின் 'அடிக்ட்' வந்த வழியும் இதற்கு அருகில்தான் இருக்கிறது. பழைய ரோமில் 'அடிக்டஸ்' என்றால், கடனைத் தீர்க்க வழியின்றி, நீதிபதியின் தீர்ப்பால் கடன்கொடுத்தவனின் கையில் ஒப்படைக்கப்பட்டவன். ரோமிலும் ஓர் ஆளோலை இருந்தது.

ஆள முடியவில்லை என்பதற்கு உடலும் சாட்சி சொல்கிறது. மது மூளையின் வேகத்தைத் தணிக்கிறது. நாள்தோறும் குடித்தால், மூளை அதற்கு ஈடுகொடுத்துத் தன் விசையைக் கூட்டிவைத்துக்கொள்கிறது. திடீரென்று மது நின்றால் கூட்டிவைத்த விசை மட்டும் மிஞ்சும். காலையில் கை நடுங்குவது, வியர்ப்பது, தூக்கம் போவது எல்லாம் அதனால்தான். சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும் மனக்குழப்பமும் வரலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. நெடுநாள் குடித்தவர் வீட்டில் பூட்டிவைத்துக்கொண்டு நிறுத்தக் கூடாது, மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும் என்று சொல்வது இதனால்தான். மனவுறுதி இருந்தால் போதும் என்று கடிந்துகொள்ளும் உறவினர், நடுங்கும் அந்தக் கையை ஒருமுறை பிடித்துப் பார்க்கலாம்.

ஒப்புக்கொள்ளும் இந்த வழிக்குப் பலன் உண்டா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் எடுத்துக்கொண்டு 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, இந்தப் படிமுறையை ஒழுங்காகப் பின்பற்றவைக்கும் சிகிச்சை, மதுவை முழுமையாக விட்டிருக்கச் செய்வதில் மற்றச் சிகிச்சைகளைவிட மேலாக இருப்பதாகக் கண்டது. நம் நாட்டில் குறை வேறிடத்தில் இருக்கிறது. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள். உதவி தேவைப்படும் அளவுக்குக் குடிப்பவர்கள் 5.7 கோடி. குடிக்கு ஆட்பட்டவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பை நேராகச் சந்திக்க வேண்டும். சக்தி இல்லை என்று சொல்லச் சொல்வது ஏற்கெனவே சக்தி பறிக்கப்பட்டவர்களுக்குப் பொருந்துமா? பெண்களுக்குத் தேவை பணிவல்ல, தன்னம்பிக்கை என்று வாதிட்டு அமெரிக்காவில் ஜீன் கர்க்பேட்ரிக் 1970களில் பெண்களுக்கென்றே வேறு அமைப்பைத் தொடங்கினார். கொல்லிமலையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி ஏறியது. வீட்டுச் சோற்றுக்கு விளைந்தது போய்ச் சந்தைக்கு விளைவது வந்தபோது, விலையும் முன்பணமும் அடிவாரத்து வியாபாரிகளின் கையில் போயின. மலையை ஆள்பவர் என்று பெயர் கொண்டவர் கடனாளியும் ஆனார். பண்ணையாள், ஆண்டை என்ற சொற்கள் இன்னும் வலிக்கும் மண்ணில், ஒருவனைப் பார்த்து உனக்குச் சக்தி இல்லை என்று சொல்வது பழைய ஆளோலையை மறுபடி நீட்டுவதாகாதா?

நீட்டுவது யார் என்பதைப் பொறுத்தது அது. மேலிருந்து ஒருவர் சொன்னால் அது வசை. குடிகாரன் என்பதற்குப் படித்தவர்களின் மாற்றுச்சொல். அதே நோயில் கிடந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையாகச் சொன்னால் அது அழைப்பு. வில்சன் ஆக்ரனில் செய்தது அதையே. முதற்படி ஒப்புக்கொள்ளச் சொல்வதும் ஒரே ஒரு பொருளின் முன் உள்ள இயலாமையை. நிலத்தின் முன்னோ வியாபாரியின் முன்னோ அதிகாரியின் முன்னோ தலைகுனியச் சொல்லவில்லை. குடிக்கு எதிரான போரில் வீணாய்ப் போன வலுவைத் திரும்பப் பெற்றவனால்தான் மரவள்ளி விலைக்கும் நிலப்பட்டாவுக்கும் வழக்குப் பேச முடியும். மலையாளி என்ற பெயரின் ஆட்சியை மீட்பதற்கு, குடிநோயாளி என்ற பெயரின் ஒப்புதல் தடையாக நிற்பதில்லை.

முதற்படியின் வாசகம் பன்மையில் அமைந்ததும் தற்செயலில்லை. தனியாக இருந்து ஒப்புக்கொள்வது அடுத்த குவளையோடு கரைந்துவிடும். சுந்தரருக்கும் ஓர் அவை தேவைப்பட்டது. ஆளி விகுதி கொண்ட சொற்களில் கூட்டாளி ஒன்று. சாராயக் கடையில் தோளில் கைபோடுகிறவனுக்கும் அந்தப் பெயர், கடையை விட்டு வெளியே வர உதவுகிறவனுக்கும் அந்தப் பெயர். குடும்பத்தார் செய்யக்கூடியதும் இங்கேதான் இருக்கிறது. சத்தியம் வாங்குவது, மாலை போடச் சொல்வது, அவன் பட்ட கடனை ரகசியமாக அடைப்பது, வேலைக்கு வராததற்கு அவனுக்காகப் பொய் சொல்வது எல்லாம் படியோலையைக் கிழிக்க உதவுகிற வேலைகள். அவன் வாயிலிருந்து 'என்னால முடியல' என்ற சொல் வரும் நாளில் அதைக் குத்திக்காட்டாமல் கேட்டுக்கொள்ளவும், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போகவும் ஒருவர் இருந்தால் அது பெரிய உதவி.

தமிழ்ப் பேச்சில் ஆள் என்ற சொல்லுக்கு இன்னும் ஒரு வழக்கு உண்டு. நோயில் கிடந்து எழுந்தவனைப் பார்த்து 'ஆள் தேறிட்டான்' என்பார்கள். நல்ல நிலைக்கு வந்தவனை 'ஆளாயிட்டான்' என்பார்கள். அங்கே ஆள் அரசனும் அல்ல, அடிமையும் அல்ல; முழு மனிதன், அவ்வளவுதான். குடியை ஆள்வதாகச் சொல்லிக்கொண்ட காலமெல்லாம் அதற்கு ஆட்பட்டுக் கிடந்தவன், ஆள முடியவில்லை என்று சொன்ன பிறகு ஆளாகிறான். ஊர் அவனுக்கு வேறு பெயர் வைக்கட்டும். இந்த ஒப்புதலை மட்டும் அவன்தான் சொல்ல வேண்டும்.